'இன்றியமையாத' மரபணு: யாருக்கு?

பங்குனியில் திருமழபாடி போயிருந்தபோது, எம்.எஸ்சி. படிக்கும் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, மனுஷ செல் உயிரோட இருக்க 1,878 ஜீன் போதுமாமே? மீதியெல்லாம் எதுக்கு?"

அவள் செமினாருக்கு எடுத்திருந்தது 2015-இல் 'சயின்ஸ்' இதழில் டிம் வாங், டேவிட் சபாட்டினி, எரிக் லாண்டர் குழு எழுதிய கட்டுரை. அருமையான வேலை, சந்தேகமே இல்லை. 18,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களை, செல்லுக்கு ஒன்று என கிரிஸ்பரால் வெட்டி, நாளடைவில் கூட்டத்தில் எவை குறைகின்றன என்று எண்ணினார்கள். கேபிஎம்7 என்ற செல் வரிசையில் 1,878 தேறின.

என் சண்டை 'இன்றியமையாத' என்ற சொல்லோடுதான். குறைந்துபோன செல் செத்திருக்கணும்னு இல்லை. மெதுவாகப் பெருகினாலே எண்ணிக்கையில் பின்தங்கிவிடும். கட்டுரைக்குள் 'உகந்த பெருக்கத்துக்கு' என்று கவனமாகவே எழுதியிருக்கிறார்கள். தலைப்பிலோ 'மனித மரபணுத்தொகை' என்று பெரிதாகப் போட்டுவிட்டார்கள். சோதித்தது நான்கு செல் வரிசைகள், நான்குமே ரத்தப் புற்று. கேபிஎம்7-க்கு ஏபிஎல்1 அவசியம் என்றால் அது மனிதனின் தேவையா, புற்றின் தேவையா? குடுவையில் வளரும் செல்லுக்கு ஹீமோகுளோபின் இல்லாவிட்டாலும் ஓடும். நமக்கு ஓடுமா?

ஒன்றைப் பாராட்டணும். கே562-இல் சில மரபணுக்கள் அவசியம்போலத் தெரிந்ததற்குக் காரணம், அந்தப் பகுதி பல பிரதிகளாகப் பெருகிக் கிடந்ததால் விழுந்த ஏகப்பட்ட வெட்டுகளே என்று அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. ராஜி செல்லில் மட்டும் ஒய் குரோமோசோமின் டிடிஎக்ஸ்3ஒய் அவசியமாக வந்தது. எக்ஸில் இருக்கும் அதன் ஜோடி டிடிஎக்ஸ்3எக்ஸ் அங்கே ஏற்கனவே கெட்டிருந்ததுதான் காரணம். கொள்ளிடக் கரையில் ரெண்டு போர் போட்ட தோட்டத்தில் ஒரு மோட்டாரை நிறுத்தினால் பயிர் காயாது. அதுக்காக மோட்டாரே வேண்டாம்னு எழுதுவோமா? ஒவ்வொன்றாக வெட்டும் முறைக்கு இந்த ஜோடிகள் பெரும்பாலும் கண்ணில் படாது.

அதே 2015-இல் சென்னை ஐஐடியின் கார்த்திக் ராமன் குழு 'ஃபாஸ்ட்-எஸ்எல்' என்ற கணிப்பு முறையை வெளியிட்டது. பாக்டீரியா வளர்சிதை மாற்ற மாதிரிகளில், சேர்ந்து நீக்கினால் மட்டும் கொல்லும் இரட்டைகளையும் மும்மைகளையும் அது தேடுகிறது. மனிதனில் 20,000 மரபணு என்று வைத்தால் ஜோடிகள் மட்டுமே சுமார் 20 கோடி. ஆய்வகத்தில் வெட்டி முடிக்கிற கணக்கில்லை.

"தலைப்பை மாத்து. 'நான்கு ரத்தப் புற்று வரிசைகளில், குடுவையில், தனித்தனியே வெட்டும்போது'னு போடு" என்றேன்.

"ஸ்லைடுல இடம் பத்தாது மாமா" என்றாள்.