இருபது நிமிட மனத்துயர்

இசையில் இருவகை உண்டு. கேட்ட மாத்திரத்தில் நம்மை மகிழ்வித்து, மறுநாளே நினைவினின்று அகன்றுவிடுவது ஒருவகை. முதன்முறை கேட்கையில் நம்மைத் தளரச் செய்து, பன்முறை கேட்டபின்னரே தன் கதவைத் திறப்பது மற்றொரு வகை. நம் இல்லங்களில் ஒலிக்கும் பக்திப் பாடல்களுள் பெரும்பாலானவை முதல்வகையைச் சார்ந்தவை. இரண்டாம் வகைக்குத் தமிழில் சிறந்த சான்று, இளையராஜாவின் ‘திருவாசகம்’ இசைத்தொகுப்பு.

2005 ஜூன் 30 அன்று சென்னையில் வெளியான இத்தொகுப்பு நமக்கு அயலானது அன்று. இதனை முன்னின்று உருவாக்கியவர் கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பர் ராஜ். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு இதனை இசைத்தது. ஆங்கில வரிகளை எழுதிய ஸ்டீபன் ஷுவார்ட்ஸ், மத்தேயு நற்செய்தியைத் தழுவிய ‘காட்ஸ்பெல்’ (1971) என்னும் இசைநாடகத்துக்குப் பாடல் அமைத்தவர். மக்கள் இதனைச் சிம்பொனி என்றழைப்பினும், வடிவத்தால் இது ஒரட்டோரியோ. அச்சொல்லுக்குச் செபக்கூடம் என்பது பொருள். 16ஆம் நூற்றாண்டில் உரோமையில், புனித பிலிப்பு நேரியின் செபக்கூடத்தில் பாடப்பட்ட பாடல்களினின்று கிளைத்த வடிவம் அது. மாணிக்கவாசகரின் சைவத் தமிழ், நம் திருச்சபையின் செபக்கூடத்தில் பிறந்த வடிவத்தில் அமர்ந்திருக்கிறது.

தொகுப்பில் ஆறு பகுதிகள் உள்ளன. திருப்பொற்சுண்ணத்திலிருந்து எடுக்கப்பட்ட ‘முத்துநற்றாமம்’ எவரையும் உடனே ஈர்த்துவிடும். நறுமணப் பொடி இடிக்கும் மகளிரின் பாட்டாக அமைந்தது அப்பதிகம். உழைப்பின் தாளமே அதன் உயிர். ஆயின் தொகுப்பின் இதயம் அங்கில்லை; ஏறத்தாழ இருபது நிமிடங்கள் நீளும் ‘பொல்லா வினையேன்’ பகுதியிலேயே உள்ளது. பலர் பாதியில் கைவிடுவதும் இப்பகுதியைத்தான்.

கைவிடுவதற்குக் காரணம் உண்டு. சிவபுராணத்தின் இவ்வரிகளில் ஓர் ஆன்மா தன் தகுதியின்மையை ஒப்புக்கொண்டு, தான் கடந்துவந்த பிறவிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. இளையராஜாவின் குரலில் அலங்காரம் இல்லை. முதிர்ந்த ஒருவர் தனியே முறையிடுவது போன்ற கரகரப்பே உண்டு. ஆங்கிலக் குழுப்பாடல் அம்முறையீட்டை வேறொரு மொழியில் ஏற்றுத் தொடர்கிறது. ஆறுதல் விரைந்து வருவதில்லை. நாம் காத்திருக்க வேண்டும்.

இங்கே கத்தோலிக்கர் ஒருவருக்கு நியாயமான தடை எழும். மறுபிறப்பை நம் விசுவாசம் ஏற்பதில்லை. முதன்முறை கேட்கையில் இவ்வேறுபாடே காதில் விழும். விழவும் வேண்டும், அதை மழுப்புதல் நேர்மையாகாது. மீண்டும் மீண்டும் கேட்கும்போதோ, கோட்பாட்டுக்கு அடியில் உள்ள களைப்பு கேட்கத் தொடங்குகிறது. விழுந்து விழுந்து எழுந்த உயிரின் களைப்பு அது. திருப்பாடல் 51ஐத் தவக்காலந்தோறும் செபிக்கும் நமக்கு அக்குரல் புதிதன்று. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ளவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டது. அவ்வறிக்கையைச் செவியால் கற்க இப்பகுதி உதவும்.

இதனைக் குறிப்பாக எவருக்குப் பரிந்துரைக்கலாம்? ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பரந்துள்ள ஆலைகளில் உழைக்கும் நம் இளைஞர்களை எண்ணிப் பார்க்கிறேன். அங்கே காலம் நொடிகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது; இத்தனை நொடிக்குள் இத்தனை உதிரிபாகம் என்பதே நியதி. ஒப்பந்தம் முடிந்தால் வேறு ஆலை, வேறு சீருடை, வேறு வாடகை அறை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் நின்றபோது, ஆயிரக்கணக்கானோர் வாழ்வை முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. ஒரே ஆயுளில் பல பிறவி எடுத்த களைப்பை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பணி முடிந்து பேருந்தில் திரும்புகையில் அவர்கள் காதில் ஒலிப்பவை பெரும்பாலும் களைப்பை மறக்கச் செய்யும் பாடல்கள். களைப்பை மறைக்காமல் இறைவன் முன் வைக்கும் பாடல் ஒன்றும் அவர்களுக்கு வேண்டும்.

குறையும் உண்டு. சில இடங்களில் இசைக்குழுவின் பெருக்கில் தமிழ்ச் சொற்கள் மூழ்கிவிடுகின்றன. நூலைக் கையில் வைத்திராதவர் பொருளை இழக்க நேரிடும். ஆங்கில வரிகளின் எளிமை சிலவேளை மூலத்தின் ஆழத்தை மட்டுப்படுத்துகிறது. மணிவாசகரின் அழுகையில் இருக்கும் கூர்மை, மொழிமாறியபோது மென்மையாகிவிட்டது என்றே கூறவேண்டும். எனினும் இக்குறைகள் இப்படைப்பின் நோக்கத்தைச் சிதைக்கவில்லை.

ஆகவே, திருவாசக நூலைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறு அலுவலின்றி, ‘பொல்லா வினையேன்’ பகுதியை முழுமையாகக் கேளுங்கள். முதல்நாள் சலிப்பே மிஞ்சக்கூடும். ஒரு வாரம் கழித்து மீண்டும் கேளுங்கள். ஒப்புரவு அருள்சாதனத்துக்குமுன் நாம் செய்யும் ஆன்ம சோதனையைப் பல வேளைகளில் ஒரு நிமிடத்தில் முடித்து எழுந்துவிடுகிறோம். மனத்துயர் அத்துணை விரைவாக வருவதன்று என்பதை இந்த இருபது நிமிடங்கள் நமக்கு உணர்த்தும்.