ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு ஒரு ரூம்

2025 சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போன என் சித்தி, ஒரு லாட்ஜ் வாசலில் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். ஆன்லைனில் ரூம் புக் பண்ணி, பணமும் கட்டியிருந்தும்.

நடந்தது இதுதான். பௌர்ணமி அந்த முறை மே 11 ஞாயிறு இரவு ஆரம்பித்து, திங்கள் இரவு வரை இருந்தது. சித்தி ஞாயிறு ராத்திரி நடக்க ஆரம்பித்தாள். 14 கிலோமீட்டர். எட்டு லிங்கங்களையும் கும்பிட்டு முடித்து லாட்ஜுக்கு வந்தபோது மணி மூன்று.

ரிசப்ஷன் பையன் பார்த்துவிட்டு, “இது பன்னண்டாம் தேதி புக்கிங்மா” என்றான்.

“இன்னிக்குப் பன்னண்டுதானேப்பா?”

“ஆமாம்மா. ஆனா மத்தியானம் பன்னண்டு மணிலேர்ந்து.”

அவன் மேல் தப்பில்லை. பௌர்ணமியன்று அந்த ஊரில் காலி ரூம் ஏது?

புக் பண்ணியவன் பெங்களூரில் சாஃப்ட்வேரில் இருக்கும் அவள் மகன். “அம்மா, ஞாயித்துக்கிழமை ராத்திரிக்கு ரூம் போடுடான்னுதான் சொன்னாங்க. மூணு மணின்னா திங்கள் ஆச்சேன்னு நான்தான் மாத்திப் போட்டேன்” என்றான், பரிதாபமாக.

சித்தியின் கணக்குதான் சரி. பொழுது விடிந்தால்தான் நமக்கு அடுத்த நாள். லாட்ஜின் கணக்கும் ஏறக்குறைய அதுவே: ஒரு மதியத்திலிருந்து மறு மதியம் வரை. அதாவது, தங்குகிறவரும் தங்கவைக்கிறவரும் ராத்திரியைத்தான் விற்று வாங்குகிறார்கள். நடுவில் நிற்கும் புக்கிங் காலண்டர் மட்டும் ‘செக்-இன் தேதி?’ என்று கேட்கிறது. ‘எந்த ராத்திரி தங்குகிறீர்கள்?’ என்று கேட்டு, ஞாயிறு இரவு – திங்கள் காலை என்று ஒரு கட்டம் காட்டியிருந்தால் சித்தி தூங்கியிருப்பாள்.

கோயில்களில் விஷயம் இன்னும் சிக்கல். அபிஷேகம், அர்ச்சனைக்கு இப்போது நிறையக் கோயில்களில் ஆன்லைன் பதிவு வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் குருக்கள் தட்டை வாங்கியதும் கேட்பது பெயரும் நட்சத்திரமும். நான் பார்த்த பதிவுப் பக்கங்களில் பெரும்பாலானவை கேட்பது இங்கிலீஷ் தேதி. ‘ஆனி மாசம், விசாகம்’ என்று தன் பிறந்த நாளைச் சொல்லும் பாட்டி என்ன செய்வாள்? கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, தேதியைக் கண்டுபிடித்து, பேரனிடம் சொல்லி, அவன் அதை ஸ்க்ரீனில் தொடுவான். கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலையைப் பாட்டி செய்கிறாள்.

சொல்லப்போனால் சிவகாசியில் அச்சாகும் அந்த தினசரி காலண்டரை மிஞ்சிய டிசைனை நான் பார்த்ததில்லை. உள்ளங்கையகலத் தாளில் தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம். வேண்டியவருக்கு வேண்டியது கிடைக்கும். வேண்டாதவர் தேதியை மட்டும் பார்த்துக் கிழித்துப் போடலாம்.

இதை ப்ரோகிராமில் கொண்டுவருவது எளிதல்ல என்பது தெரியும். நட்சத்திரம் நள்ளிரவில் மாறுவதில்லை. சாயங்காலம் நாலரைக்கும் மாறும். ஒரே நட்சத்திரம் ஒரு தமிழ் மாதத்தில் இரண்டு தரம் வரும். வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொன்னால் திருக்கணிதம் வேறு சொல்லும். அதனால் கம்ப்யூட்டர் தானே முடிவு செய்ய வேண்டாம். இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை விசாகம் என்று இரண்டு நாளையும் காட்டிவிட்டு, பாட்டியிடமே விட்டுவிடலாம். அவளுக்குத் தெரியும்.

‘அரசாங்க ஸாஃப்ட்வேரில் பஞ்சாங்கமா?’ என்று சிரிக்காதீர்கள். பத்திரப் பதிவுத் துறை இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. ஆன்லைனில் டோக்கன் எடுத்துத்தான் பத்திரம் பதிய வேண்டும். சாதாரண நாளில் ஒரு சார்பதிவாளர் இருக்கும் ஆபீசுக்கு 100 டோக்கன் என்றால், முகூர்த்த நாளில் 150 என்று அறிவிக்கிறார்கள். இரண்டு சார்பதிவாளர் இருந்தால் 200க்கு பதில் 300. அறிவிப்பில் காரணத்தையும் மறைப்பதில்லை. ‘சுபமுகூர்த்த தினம்’ என்றே போடுகிறார்கள். ராகு காலத்தில் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்று தெரிந்தவர் யாரோ அங்கே இருக்கிறார்.

எந்த டிசைனும் தீர்க்காத விஷயம் கார்த்திகை தீபம். பல லட்சம் பேர் வரும் நாளில், கோயிலுக்குள்ளிருந்து தீபம் பார்க்க ஆன்லைனில் விடும் கட்டண டிக்கெட், மிஞ்சினால் ஆயிரத்துச் சொச்சம். குறிப்பிட்ட நிமிஷத்தில் பதிவு திறந்தால், அது பக்தர்களுக்கான காலண்டர் இல்லை, விரல்களின் ஓட்டப் பந்தயம். வேகமான இன்டர்நெட் ஜெயிக்கும். செங்கம் பக்கத்துக் கிராமத்துக்காரர் தோற்பார். திருப்பதியில் சுப்ரபாதம், தோமாலை போன்ற சேவைகளுக்குப் பதிவு செய்யச் சில நாள் அவகாசம் கொடுத்து, பிறகு குலுக்கல் போடுகிறார்கள். கிடைக்காவிட்டால் பெருமாள் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அண்ணாமலையாருக்கும் இந்தப் பழியைச் சுமப்பதில் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

சித்தி அடுத்த பௌர்ணமிக்கு மகனை நம்பவில்லை. வேறொரு லாட்ஜுக்குத் தானே போன் செய்தாள். எடுத்தவர் தேதியே கேட்கவில்லையாம்.

“ரூம் நடக்கறதுக்கு முன்னாடி வேணுமாம்மா, நடந்து முடிச்சப்புறமா?”