நோயுற்ற சிறுமியர் இருவர்

நோர்வே நாட்டு ஓவியர்களான கிறிஸ்தியான் குரோக் (1852–1925), எட்வர்ட் மூங்க் (1863–1944) ஆகிய இருவரையும் ஒருங்கு நிறுத்தும் பின்னோக்குக் கண்காட்சி எதுவாயினும், அதன் உயிர்நிலை இரண்டு ஓவியங்களிலேயே தங்கும். இரண்டும் ஒஸ்லோ தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. இரண்டின் பொருளும் நோயுற்ற சிறுமியே.

1882 இல் மூங்க் முதலிய இளைஞர் சிலர் கூடி வாடகைக்கு எடுத்த ஓவியக்கூடத்தில், அவர்தம் வேலையைத் திருத்தி வழிகாட்டியவர் குரோக். அதற்குச் சற்று முன்னரே, 1880–81 இல், அவர் தம் சிறுமியை வரைந்திருந்தார். வெண்ணிற உடை, வெண்ணிறத் தலையணை, கையில் வாடும் ரோசாமலர். அவள் நம்மை நேரே நோக்குகின்றாள். அந்நோக்கினின்று காண்போர் தப்புதல் அரிது.

மூங்கின் சிறுமியோ (1885–86) நம்மை நோக்குவதேயில்லை. பக்கவாட்டில் திரும்பிய முகம். அருகே தலைகவிழ்ந்த பெண்ணொருத்தி. பூசியும் சுரண்டியும் புண்பட்ட வர்ணப் பரப்பு. 1886 இல் காட்சிக்கு வைக்கப்பட்டபோது இது பெரிதும் எள்ளப்பட்டது.

குரோக் கண்டதைக் கண்டவாறு தீட்டியவர் மட்டுமே, மாணவரே அகத்தைத் தீட்டினார் என்பது பலர் கொள்கை. அது பொருந்தாது. இருவரும் காசநோய்க்குச் சகோதரியரைப் பறிகொடுத்தவர்கள். ஆசிரியர் அத்துயரைப் பிறர் கண்முன் சான்றாக நிறுத்தினார். மாணவர் நினைவாக மீட்க முயன்றார். தெளிவு உணர்ச்சியின்மை ஆகாது. உண்மையில், முதற்பார்வையில் நெஞ்சைத் தாக்குவது குரோக்கின் படமே. மூங்கினது மெல்லவே பற்றும்.

மூங்க் இதே காட்சியை நாற்பது ஆண்டுகளில் ஆறு முறை வர்ணத்தில் தீட்டினார். ஆறிலும் சிறுமி நம்பக்கம் திரும்பவில்லை.