மானிக் மைனரும் எமுலேட்டரின் கருணையும்

1983-ல் மேத்யூ ஸ்மித் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு எழுதிய 'மானிக் மைனர்' விளையாட்டை இப்போது எமுலேட்டரில் ஆடிக்கொண்டிருக்கிறேன். அன்று கேசட்டிலிருந்து ஏற சில நிமிடங்கள் ஆகும்; இன்று ஒரு நொடி. அந்தக் காத்திருப்பு போனதில் எனக்கு வருத்தமே இல்லை. என் பிரச்சினை வேற.

மொத்தம் 20 குகைகள், மூன்று உயிர்கள். மூன்றும் போனால் முதல் குகையிலிருந்து ஆரம்பிக்கணும். 48 கேபிக்குள் அடங்கிய சின்ன ஆட்டம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது இந்தக் கறாரால்தான். எமுலேட்டரிலோ ஒவ்வொரு தாவலுக்கு முன்பும் ஆட்டத்தை அப்படியே சேமிக்கலாம். செத்தால் அங்கிருந்தே தொடரலாம். அப்படி ஆடும்போது குறைந்துகொண்டே வரும் காற்று பயமுறுத்துவதில்லை. வில்லி குதித்துவிட்டால் நடுவில் திசை மாற்ற முடியாது. யோசித்துக் குதிக்க வைப்பதே அந்த விதிதான். திரும்பத் திரும்ப வாய்ப்பு கிடைத்தால் யார் யோசிப்பார்கள்?

அதற்காகச் சேமிக்கவே கூடாதுன்னு சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் நம்மில் பலர் கடைசிக் குகைகளைப் பார்க்கவே மாட்டோம். நான் குகை வாசலில் மட்டும் சேமிக்கிறேன். உள்ளே நுழைந்துவிட்டால் ஸ்மித் போட்ட சட்டம்தான்.