கலை கையில் இருக்கிறது

ரிமோட் கார் ஓடும் இடத்தில் கூட்டத்தின் கண் காரை விட்டு அகலாது. அதை ஓட்டுபவரின் கையில் இருக்கும் கருவியை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கொழும்புக்கு இந்த மறதி பழகியதுதான். 1920களில் மத்திய தந்தி அலுவலகத்தில் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய பொறியியலாளர்களும், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியைக் கட்டினார்கள். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான். அறிவிப்பாளர்களின் குரல்கள் இன்றும் பேசப்படுகின்றன. குரலை அனுப்பிய கருவியைப் பற்றிப் பேச ஆளில்லை. ரிமோட் காரிலும் ரசிக்க வேண்டியது ஓடுகிற பொருளை அல்ல, அனுப்புகிற பொருளைத்தான் என்பது என் கட்சி.

துப்பாக்கிப் பிடி வைத்த ரிமோட்டை எடுத்துக்கொள்வோம். இடக்கைச் சுட்டுவிரல் விசையை இழுத்தால் கார் முன்னே போகும், வெளியே தள்ளினால் பிரேக். வலக்கை, பக்கவாட்டில் இருக்கும் நுரை சுற்றிய சின்னச் சில்லைத் திருப்பும். கார் ஒரு பக்கம் இழுத்தால் உடனே நடுநிலையைச் சரிசெய்யும் ‘ட்ரிம்’ திருகைத் தொடுவது பலருடைய வழக்கம். தேர்ந்த கை அப்படிச் செய்யாது. ட்ரிம்மைச் சுழியத்தில் வைத்து, ரிமோட்டையும் காரையும் உயிர்ப்பித்து, காரின் சில்லுகளைத் திருப்பும் சிறு மோட்டாரான சேர்வோவின் கையைக் கழற்றி, நடுவுக்கு மிக நெருங்கிய பல்லில் மறுபடி பொருத்தும். மிஞ்சும் மயிரிழைக் கோணலுக்குத்தான் ட்ரிம். அடுத்தது காரின் சில்லு இரு பக்கமும் திரும்பும் எல்லை. முழுக்கத் திருப்பிப் பிடித்துக் காது கொடுத்தால், சில்லு முட்டிய பிறகும் தள்ளிக்கொண்டிருக்கும் சேர்வோ முனகுவது கேட்கும். அந்த முனகல் அடங்கும்வரை எல்லையைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்னும் வீண், சேர்வோவும் கருகும். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஒடுங்கிய வாகனத் தரிப்பிடத்தில் ஓட்டுவதானால் வேகத்தின் எல்லையையும் ரிமோட்டிலேயே குறைத்துவிடலாம். காரில் கைவைக்கத் தேவையில்லை.

இப்போது எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸ், பெட்டியைப் பிரித்தால் ஓடும், இதில் கலை எங்கே என்று கேட்கலாம். 27 மெகாஹேர்ட்ஸ் காலத்தில் அலைவரிசையைத் தீர்மானிக்கும் ஒரே நிறப் படிகம் போட்ட இரண்டு கார்கள் ஒரே திடலில் ஓட முடியாது. அந்தத் தொல்லை ஒழிந்தது நல்லதே. ஆனால், இணைப்பைத் தானே தேடிக்கொள்ளும் கருவிக்குச் சில்லு நேராக நிற்கிறதா என்று தெரியாது. சமிக்ஞை அறுந்தால் கார் நிற்க வேண்டும் என்பதையும் பல கருவிகளில் ஓட்டுபவர்தான் பதிந்துவைக்க வேண்டும். ரிமோட்டை முதலில் போட்டுக் காரைப் பிறகு போடுவது, நிறுத்தும்போது காரை முதலில் நிறுத்துவது என்ற பழைய ஒழுங்கு இன்றும் செல்லும். கட்டளை இல்லாத கார் எந்தப் பக்கமும் பாயலாம்.

பற்றரியில் என்ன நுட்பம், நாலைப் போட்டால் சரிதானே என்பது இன்னொரு வாதம். நாலு அல்கலைன் பற்றரி 6 வோல்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். மீள்மின்னேற்றும் நிக்கல் வகை நாலும் சேர்ந்து 4.8 வோல்டுக்கு அருகிலேயே நெடுநேரம் நின்று கடைசியில் சட்டென விழும். அளவு குறைவென்று நிக்கலை ஒதுக்குவது தவறு. எச்சரிக்கை ஒலிக்கும் அளவை வகைக்கு ஏற்ப மாற்றிவைத்தால் போதும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த ஊரில் சார்ஜரை மட்டும் நம்பலாமா என்றால், நியாயமான கேள்விதான். ஆனால் 2005இல் வந்த எனெலூப் போன்ற நிக்கல் பற்றரிகள் ஏற்றிய மின்னை மாதக்கணக்கில் வைத்திருக்கும். கரண்ட் உள்ள நேரத்தில் ஏற்றி வைக்கலாம். அல்கலைனின் உண்மையான குற்றம் கசிவு. மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் சுருள்கம்பியில் வெள்ளைப் பொருக்குப் படியும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஒழுங்கைகளில் உப்புக்காற்றும் சேர்ந்து அதை அரிக்கும். பொருக்கு காரத்தன்மை உள்ளது. பஞ்சில் தொட்ட தேசிக்காய்ச் சாறு அதை எடுத்துவிடும். பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். அடுத்த விடுமுறைவரை ரிமோட்டைத் தொடப்போவதில்லை என்றால், பெட்டியில் வைக்குமுன் பற்றரிகளைக் கழற்றிவிடுங்கள்.