கடவுளுக்கு எதற்கு வவுச்சர்?

ஏற்காடு லாட்ஜில் ராத்திரி கரன்ட் போய்விட்டது. மொட்டைமாடிக்குப் போனால், நகரத்தில் நாம் தொலைத்த நட்சத்திரங்கள் எல்லாம் சேர்வராயன் மலைக்கு மேலே கொட்டிக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து பெரியப்பா செல்போனை நீட்டினார். நீல விழி, சிவந்த இமை. 'கடவுளின் கண். 3,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் தெரியும். வேண்டியது பலிக்கும்!'

"நாசாக்காரனே ஒத்துக்கிட்டான் பாருப்பா!" என்றார்.

2003-ல் வெளியாகி, ஈமெயிலில் உலகம் சுற்றிய படம். இப்போது வாட்ஸ்அப். படம் நிஜம், கதைதான் டூப். கும்ப ராசிப் பக்கம், சுமார் 650 ஒளியாண்டு தூரத்தில், சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் சாகும்போது உதறிய வாயுக் கூடு அது. பெயர் ஹெலிக்ஸ் நெபுலா. ஆக்சிஜனுக்கு நீலம், ஹைட்ரஜனுக்கும் நைட்ரஜனுக்கும் சிவப்பு என்று விஞ்ஞானிகள் வண்ணம் ஒதுக்கியிருக்கிறார்கள். 3,000 ஆண்டெல்லாம் காத்திருக்க வேண்டாம். அக்டோபர், நவம்பரில் நிலா இல்லாத இரவில், வானம் தெளிவாக இருந்தால், நல்ல பைனாகுலரில் மங்கலான திட்டாகத் தெரியும். கண் மாதிரி இருக்காது, அவ்வளவுதான்.

பெரியப்பாவின் ப்ளஸ் டூ பேரன் அதற்குள் தேடிப் பார்த்து, "பொய் தாத்தா" என்று சொல்லிவிட்டான். அவர் முகம் சுருங்கிப் போச்சு.

நான் பி.காம். ஒரு போலி வவுச்சர் மாட்டினால் ஆடிட்டர் உண்மையான செலவையும் சந்தேகப்படுவார். பேரனும் அப்படித்தான். தாத்தாவின் படத்தோடு தாத்தாவின் சாமியையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். இத்தனைக்கும் அன்று காலைதான் சேர்வராயன் குகைக் கோயிலில் மனமுருகிக் கும்பிட்டார் மனுஷன். அங்கே எந்த அத்தாட்சியும் கேட்கவில்லையே!

திருவாசகத்தில் 'திருஅண்டப்பகுதி' படித்துப் பாருங்கள். நூற்றொரு கோடிக்கும் மேலான அண்டங்களைச் சொல்கிறார் மாணிக்கவாசகர். 'ஆகவே கடவுள் உண்டு' என்று வாதாடவில்லை. வீட்டுக்குள் நுழையும் வெயிலில் மிதக்கும் தூசி மாதிரி, இறைவன் முன்னால் அத்தனை அண்டமும் சிறுத்துப்போகிறது என்கிறார். நம் ஃபார்வேர்டு ஆசாமி கடவுளை போட்டோவுக்குள் அடைக்கிறார். மாணிக்கவாசகரோ விண்வெளியையே தூசியாக்கிவிடுகிறார். எந்தத் தொலைநோக்கி வந்தாலும் அவர் வரியைப் பொய்யாக்க முடியாது. கூடுதலாகப் பத்து கோடி கேலக்ஸி கண்டுபிடித்தால், பத்து கோடி தூசி கூடும்.

இதைச் சொன்னதும் பெரியப்பா கொஞ்ச நேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப படத்தை அழிச்சிடவா?"

"வேண்டாம் பெரியப்பா, அருமையான படம். கீழே எழுதியிருக்கறதை மட்டும் அழிச்சிடுங்க."