விலையில் எச்சரிக்கை, உற்பத்தியில் கற்பனை

நைஜீரிய அதிபர் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டை வைக்கும்போது அந்நாட்டுப் பத்திரிகைகள் முதலில் தேடுவது மூன்று எண்களை. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய்க்கு அரசு எதிர்பார்க்கும் விலை ஒன்று. நாளொன்றுக்கு எத்தனை பீப்பாய் எடுக்கப்படும் என்ற மதிப்பீடு மற்றொன்று. டாலருக்கு எத்தனை நைரா என்பது மூன்றாவது. 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அவை முறையே 75 டாலர், 20.6 லட்சம் பீப்பாய், 1,500 நைரா. 54.99 லட்சம் கோடி நைரா செலவுத் திட்டத்தின் வரவுப் பக்கம் இந்த மூன்றின் மேல்தான் நின்றது.

நாட்டின் மொத்த உற்பத்தியில் எண்ணெயின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனாலும் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது. வரி வசூல் மிகக் குறைந்த நாடு என்பதால், பீப்பாய்க் கணக்கு தவறினால் சாலையும் பள்ளிக்கூடமும் சம்பளமும் சேர்ந்தே தவறுகின்றன. இப்படிப்பட்ட நாடு எண்ணெய் வருவாயை எப்படி முன்கூட்டிக் கணிக்க வேண்டும், அதில் எவ்வளவைப் புதிய எண்ணெய் தேடச் செலவிட வேண்டும் என்ற இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். நைஜீரியா முதல் கேள்விக்குப் பாதி நல்ல விடை கண்டது. மீதிப் பாதியைக் கவனிக்காததால் இரண்டாவது கேள்வியிலும் சறுக்கியது.

அந்தப் பாதி நல்ல விடை 2004இல் வந்தது. ஒபசாஞ்சோ அதிபராகவும் என்கோசி ஒகோன்ஜோ-இவேலா நிதியமைச்சராகவும் இருந்த காலம். அதுவரை சந்தையில் விலை ஏறினால் செலவு ஏறும். விலை விழுந்தால் கடன் ஏறும். 1970களின் எண்ணெய்ச் செழிப்பில் துறைமுகம் தாங்காத அளவுக்குச் சிமென்டை இறக்குமதி செய்து, லாகோஸ் கடலில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் சரக்கோடு காத்துக் கிடந்ததை அந்த நாடு பார்த்திருக்கிறது. புதிய முறை எளிமையானது: சந்தை விலையைவிடக் குறைவான ஓர் அடிப்படை விலையைப் பட்ஜெட்டில் எழுத வேண்டும், அதற்கு மேல் கிடைப்பதை உபரி எண்ணெய்க் கணக்கு என்ற தனிக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2007இல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. பட்ஜெட் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பையும் விதித்தது.

இந்த முறையின் பலனுக்குச் சான்று உண்டு. 2005இல் பாரிஸ் கிளப் என்ற குழுவாக இயங்கும் கடன் கொடுத்த நாடுகளுடன் நைஜீரியா கடன் உடன்பாடு செய்துகொண்டது. 1,800 கோடி டாலர் தள்ளுபடி ஆனது. மீதி ஏறத்தாழ 1,200 கோடியை நைஜீரியாவே கட்டித் தீர்த்தது. அதற்கான பணம் விலையேற்றத்தில் கிடைத்த உபரி. 2008இல் தனிக் கணக்கில் சுமார் 2,000 கோடி டாலர் இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் 147 டாலரைத் தொட்ட விலை டிசம்பரில் 40க்கும் கீழே போனது. சேமிப்பு இருந்ததால் அரசு செலவை வெட்டாமல் அந்தச் சரிவைக் கடந்தது.

2020இல் கொரோனாவோடு வந்த விலைச்சரிவின்போது நிலைமை வேறு. 57 டாலராக இருந்த அடிப்படை விலையை 28க்கு இறக்கிப் பட்ஜெட்டைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. கைவசம் சேமிப்பு இல்லை. பன்னாட்டு நாணய நிதியத்திடம் 340 கோடி டாலர் அவசரக் கடன் வாங்கினார்கள். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில், குறிப்பாக 2011 முதல் 2013 வரை, எண்ணெய் நூறு டாலருக்கு மேல் விற்றது. அந்தக் காலத்திலும் சேமிப்பு பெருகவில்லை என்பதிலிருந்துதான் குறைகளை எண்ணத் தொடங்க வேண்டும்.

முதல் குறை சட்ட அடித்தளத்தில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 162ஆம் பிரிவு, கூட்டாட்சியின் வருவாய் முழுவதும் ஒரே கணக்கில் சேர்ந்து மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகளுக்குப் பகிரப்பட வேண்டும் என்கிறது. எடுத்து வைக்க அதில் இடமில்லை என்று மாநிலங்கள் வாதிட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றன. அவை கேட்டதில் நியாயம் இருந்ததால் வழக்குக்கு வெளியே சமரசம் பேசப்பட்டது. சமரசம் என்றால் பங்கு பிரிப்பு. 2008இல் 2,000 கோடியாக இருந்த கணக்கு 2010இல் 400 கோடிக்கும் கீழே வந்தது. பிற்காலத்தில் அதில் மிஞ்சியது ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவு. 2011இல் தனிச் சட்டத்தின் கீழ் தேசிய முதலீட்டு நிதியம் தொடங்கப்பட்டது. அதன் நிர்வாகம் சீரானது, ஆனால் முதல் வைப்பு 100 கோடி டாலர் மட்டுமே.

இரண்டாவது குறை, அடிப்படை விலை சூத்திரத்தால் முடிவாகாமல் பேரத்தால் முடிவாவது. 2013இல் அரசு 75 டாலர் என்றது. நாடாளுமன்றம் 79 ஆக்கியது. 2017இல் 42.5 என்பது 44.5 ஆனது. 2018இல் 45 என்பது 51. 2023இல் 70 என்பது 75. விலையை ஒரு டாலர் உயர்த்தினால் காகிதத்தில் வரவு கூடும். அந்த வரவில் உறுப்பினர்களின் தொகுதித் திட்டங்களுக்கு இடம் பிறக்கும். இந்த உயர்வுகள் பெரும்பாலும் சந்தை விலைக்குள்ளேயே அடங்கின என்பதையும் சொல்ல வேண்டும். நைஜீரியா விலையை மிகையாக மதிப்பிட்டு மாட்டிக்கொண்ட ஆண்டுகள் குறைவு. அதனால் இந்தக் குறை, பலரும் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல.

பெரிய குறை மூன்றாவது. விலையில் காட்டிய எச்சரிக்கையை உற்பத்தியில் யாரும் காட்டவில்லை. வருவாய் என்பது விலையையும் அளவையும் பெருக்கி வருவது. ஒன்றைக் குறைத்து எழுதி மற்றதைக் கூட்டி எழுதினால் குறைத்ததன் பயன் போய்விடும். 2013இல் நாளொன்றுக்கு 25 லட்சத்துக்கு மேல் என்று எழுதினார்கள். கிடைத்தது 22 லட்சம் அளவில். விலை நூறைத் தாண்டியும் சேமிப்பு ஏறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2016இல் 22 லட்சம் என்றார்கள். எண்ணெய் எடுக்கப்படும் தெற்கு நைஜர் டெல்டாவில் ஆயுதக் குழுக்கள் குழாய்களைத் தகர்க்க, உற்பத்தி சரிந்து பொருளாதாரமே சுருங்கியது. 2022இல் முதலில் எழுதியது 18.8 லட்சம், திருத்தியது 16 லட்சம். ஆகஸ்டில் கச்சா எண்ணெய் எடுப்பு 10 லட்சத்துக்கும் கீழே போனது. 2025இல் எழுதிய 20.6 லட்சத்துக்கு எதிரே, கண்டென்சேட் எனப்படும் இலகு எண்ணெயைச் சேர்த்தும் கிடைத்தது பெரும்பாலும் 17 லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். நாளொன்றுக்கு 4 லட்சம் பீப்பாய் குறைந்தால், 75 டாலர் கணக்கில், தினமும் 3 கோடி டாலர் மதிப்புள்ள எண்ணெய் இல்லாமல் போகிறது.

உயர்ந்த எண்ணை எழுதினால்தான் துறைக்கு அழுத்தம் வரும் என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. எண்ணெய் அமைச்சகத்துக்கு இலக்கு வைப்பது தவறில்லை. ஆனால் அந்த இலக்கையே வரவாக எழுதி அதன் மேல் செலவை ஒப்புக்கொண்டால், இலக்கு தவறியதற்கான தண்டனையை அனுபவிப்பது அமைச்சகமல்ல. ஒப்பந்தக்காரரும் மருத்துவமனையும் சாலையும்தான். சம்பளத்தையும் வட்டியையும் நிறுத்த முடியாது என்பதால் முதலில் நிற்பது மூலதனச் செலவு. 2024ஆம் ஆண்டின் மூலதனச் செலவுக்கான காலக்கெடு 2025க்குள் நீட்டிக்கப்பட்டு, பழைய பட்ஜெட்டும் புதிய பட்ஜெட்டும் ஒரே நேரத்தில் ஓடியது இதன் விளைவு.

2022ஆம் ஆண்டை இந்த முறைக்கு வைத்த தேர்வு என்றே சொல்லலாம். உக்ரைன் போரால் விலை நூறு டாலரைச் சுற்றி நின்றது. சவூதி அரேபியாவுக்கு அது செழிப்பான ஆண்டு. நைஜீரியாவிலோ முதல் நான்கு மாதங்களில் மத்திய அரசின் வருவாய் 1.63 லட்சம் கோடி நைரா. கடனுக்குச் செலுத்தியது 1.94 லட்சம் கோடி. ஒரு பக்கம் எண்ணெய்த் திருட்டும் மூடிய குழாய்களும். மறுபக்கம் பெட்ரோல் மானியம். சுத்திகரித்த பெட்ரோலை வெளியிலிருந்து வாங்கி மலிவாக விற்ற நாட்டில் கச்சா விலை ஏறினால் மானியமும் ஏறும். தேசிய எண்ணெய் நிறுவனம் மானியத்தைக் கழித்துக்கொண்டபின் கூட்டாட்சிக் கணக்கில் போட அதனிடம் எதுவும் மிஞ்சவில்லை. 2023 மே மாதம் அதிபர் டினுபு மானியத்தை நிறுத்தினார். அது காலம் கடந்த, ஆனால் தேவையான முடிவு. விலைவாசியாக அதன் சுமையைத் தாங்கியவர்கள் ஏழைகள் என்பதும் உண்மை.

எண்ணெய்த் தேடல் இந்தப் பின்னணியில்தான் வருகிறது. 2021இல் அதிபர் புகாரி கையெழுத்திட்ட பெட்ரோலியத் தொழில் சட்டம் புதிய படுகைகளில் எண்ணெய் தேட ஒரு தனி நிதியை உருவாக்கியது. உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்களில் அரசின் பங்காகக் கிடைக்கும் இலாப எண்ணெயில், அதாவது செலவு போக மிஞ்சும் எண்ணெயில், 30 சதவீதம் அதற்கு. இன்னொரு 30 சதவீதம் தேசிய எண்ணெய் நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணம். அந்தச் சட்டத்தின்படி, இந்த ஒப்பந்தங்களில் அரசுக்குக் கிடைக்கும் இலாபத்தில் நூற்றுக்கு அறுபது பட்ஜெட்டை எட்டுமுன்பே பிரிந்துவிடும்.

தேடலுக்கு ஆதரவான வாதங்களை அலட்சியப்படுத்தக் கூடாது. 1956இல் ஒலோய்பிரியில் எண்ணெய் கண்டதிலிருந்து நைஜீரியாவின் எண்ணெய் முழுக்கத் தெற்கிலும் தென்கடலிலும்தான். பழைய வயல்கள் வற்றுகின்றன. வட எல்லைக்கு அப்பால் நைஜரிலும் சாடிலும் எண்ணெய் கிடைத்திருக்கிறது; சாட் 2003 முதல் ஏற்றுமதி செய்கிறது. நிலவியல் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுமா என்ற கேள்வி நியாயமானது. வடக்கிலும் எண்ணெய் கிடைத்தால் வருவாய்ப் பகிர்வில் இருக்கும் வடக்கு-தெற்குப் பூசல் தணியும் என்ற அரசியல் எதிர்பார்ப்பும் உண்டு. எண்ணெய் எடுக்கும் ஊர்களின் சமூக நிதிக்கு 3 சதவீதம், தேடலுக்கு 30 சதவீதமா என்று தெற்கில் எழுந்த கோபம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் அந்த ஒப்பீடு சரியல்ல: முன்னது நிறுவனங்களின் இயக்கச் செலவில் கணக்கிடப்படுவது, பின்னது இலாப எண்ணெயில்.

இந்த நிதியின் உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஆழ்கடல் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்களில் தேடலின் நட்டம் நிறுவனத்தைச் சேர்ந்தது. கிணறு வறண்டால் அதன் பணம் போகும். எண்ணெய் கிடைத்தால் செலவை எடுத்துக்கொண்டு மீதியை அரசோடு பகிரும். அரசு துளியும் பந்தயம் கட்டாமல் அப்படிக் கிடைத்த இலாபத்தை எடுத்து, இந்த நிதியின் மூலம் தானே முழுப் பந்தயம் கட்ட முனைந்தது. அதுவும் தனியார் விலகிச் சென்ற படுகைகளில். நைஜீரியாவின் வடகிழக்கிலுள்ள சாட் படுகையில் 1990கள் வரை இருபதுக்கு மேற்பட்ட கிணறுகள் தோண்டியும் வணிக அளவில் எதுவும் கிடைக்கவில்லை. 2017இல் அங்கே சென்ற ஆய்வுக் குழுவைப் போகோ ஹராம் என்ற ஆயுதக் குழு தாக்கியதில் மைதுகுரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பௌச்சி, கோம்பே மாநில எல்லையில் உள்ள கோல்மனியில் ஷெல் நிறுவனம் 1999இல் எரிவாயு கண்டும் விலகியது. 2022 நவம்பரில் அங்கே 100 கோடி பீப்பாய் இருப்பதாக அறிவித்துப் பெரிய தொடக்க விழா நடந்தது. இரண்டு ஆண்டுகள் கடந்தும் வணிக உற்பத்தி தொடங்கவில்லை. கடற்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கும் எண்ணெய்க்குக் குழாய்ச் செலவும் உண்டு.

இதைவிட அடிப்படையான கேள்வி, நைஜீரியாவுக்குக் குறைவது நிலத்தடி எண்ணெயா என்பது. உறுதி செய்யப்பட்ட இருப்பு ஏறத்தாழ 3,700 கோடி பீப்பாய். நாளொன்றுக்கு 15 லட்சம் எடுத்தால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வரும். தட்டுப்பாடு நிலத்துக்கு மேலே இருக்கிறது: துளையிடப்படும் குழாய்கள், பராமரிப்பில்லாத முனையங்கள், வெளியேறும் பன்னாட்டு நிறுவனங்கள், நம்பிக்கை இழந்த டெல்டா மக்கள். ஃபோர்கடோஸ் முனையத்திலிருந்து கள்ளத்தனமாக இழுத்த நான்கு கிலோமீட்டர் குழாய் ஒன்பது ஆண்டுகள் ஓடியதாக 2022இல் தேசிய எண்ணெய் நிறுவனத்தின் தலைவரே சொன்னார். இருக்கிற எண்ணெயை ஏற்றுமதிக் கப்பல் வரை கொண்டுசேர்க்க முடியாத அரசு புதிய எண்ணெயைத் தேடுவது முன்னுரிமைப் பிழை. உலகம் எண்ணெயிலிருந்து மெல்ல விலகும் காலத்தில் இன்று கண்டுபிடித்து பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து விற்கும் பீப்பாயின் விலை என்னவாக இருக்கும் என்பதும் யாரும் உறுதி தர முடியாதது. பட்ஜெட்டில் எழுதப்படும் கற்பனைப் பீப்பாயும் தேடல் நிதியும் ஒரே மனப்போக்கிலிருந்து பிறப்பவை: எடுக்க முடிந்ததைவிட எடுக்க விரும்புவதைக் கணக்காக எழுதும் மனப்போக்கு.

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானா 2011இல் வேறு வழி கண்டது. முந்தைய நான்கு ஆண்டுகள், நடப்பு ஆண்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளின் எதிர்பார்ப்பு என ஏழு ஆண்டுச் சராசரியில் எண்ணெய் விலையைச் சட்டமே முடிவுசெய்கிறது, பேரத்துக்கு இடமில்லை. ஆனாலும் 2022 டிசம்பரில் கானா தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நிறுத்தியது. எண்ணெய் வரவுக்கு விதி வைத்துவிட்டு, அந்த எண்ணெயைக் காட்டி வாங்கும் கடனுக்கு விதி வைக்காவிட்டால் முதல் விதி மட்டும் காப்பாற்றாது.

எனவே 2004ஆம் ஆண்டு முறையைக் கைவிடச் சொல்வது தவறு. அதை முழுமையாக்குவதே வழி. உற்பத்தி மதிப்பீடு அமைச்சரின் வாக்குறுதியாக இல்லாமல், முந்தைய சில ஆண்டுகளில் உண்மையில் எடுத்த அளவின் சராசரியைத் தாண்டாமல் இருக்கட்டும். அதற்கு மேல் எடுத்தால் அந்த உபரியும் சேமிப்புக்குப் போகட்டும். சேமிப்புக்கு அரசியலமைப்பிலேயே இடம் வேண்டும். மாநிலங்கள் சேமிப்பின் பங்குதாரர்கள் என்று எழுதப்பட்டால்தான் அவை அதை உடைக்கத் துடிக்காது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்லும் ஊர்ப்பழமொழி தேடல் நிதிக்கும் பொருந்தும்: சட்டத்தில் நிலையான சதவீதமாக உறைந்த பணத்தை எவரும் கேள்வி கேட்பதில்லை. கிணறு வாரியாகக் கணக்குக் காட்டி, ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் ஒப்புதல் பெற்று, நட்டத்தில் பங்கேற்கத் தனியார் முன்வரும் இடத்தில் மட்டும் அரசு பணம் போடட்டும். 2025 ஆகஸ்டில் அதிபர் டினுபு, தேடல் நிதிக்கும் நிர்வாகக் கட்டணத்துக்குமான இந்தக் கழிவுகளை மறுபரிசீலனை செய்யச் சொன்னது சரியான திசை.

எண்ணெய் விலை லண்டனிலும் ரியாத்திலும் முடிவாகிறது. அதைக் கட்டுப்படுத்த முடியாது என்று ஒப்புக்கொண்டு, அதற்கேற்ப அடக்கமாகக் கணக்கெழுத நைஜீரியா கற்றுக்கொண்டது. எடுக்கும் அளவு தன் குழாய்களிலும் தன் டெல்டாவிலும் முடிவாகிறது. அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் அந்த நாட்டு அரசுகளுக்குக் கடினமாக இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாதவரை, விலையில் மிச்சப்படுத்தியதை உற்பத்தியில் இழக்கும் கணக்கு ஆண்டுதோறும் தொடரும்.